பழைய காதலைத் திரும்பிப் பார்க்கும்போது வரும் சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதல் முறிந்து பல வருஷம் ஆகிவிட்டது. அழுகை நின்று, வாழ்க்கையும் வேறு பக்கம் போய்விட்டது. ஆனாலும் வேலை எதுவும் இல்லாத ஒரு மாலையில் "அதெல்லாம் நிஜம்தானா?" என்று மனசு ஆரம்பித்துவிடுகிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். போன வாரம் பிரிந்தவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. அவர்களுக்கு இப்போது வேண்டியது தூக்கமும், பக்கத்தில் உட்கார ஒரு ஆளும்தான்.

அது உண்மையான காதல்தானா என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க முடியாது. கேட்டவருக்கு இந்தப் பதில் ஏமாற்றமாக இருக்கும், தெரியும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நாம் நினைவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறோம். ஆனால் அது கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பேசும் சாட்சி. 1987இல் கேத்தி மெக்ஃபார்லண்ட், மைக்கேல் ராஸ் என்ற உளவியலாளர்கள் காதலில் இருந்தவர்களிடம் அவரவர் துணையை மதிப்பிடச் சொன்னார்கள். கொஞ்ச காலம் கழித்து அவர்களையே மறுபடி அழைத்து, "இப்போது என்ன நினைக்கிறீர்கள், அன்று என்ன சொன்னீர்கள்?" என்று இரண்டையும் கேட்டார்கள். இடையில் அபிப்பிராயம் குறைந்துபோனவர்களுக்கு, அன்றே தாங்கள் அவ்வளவு உயர்வாகச் சொல்லவில்லை என்று ஞாபகம். அபிப்பிராயம் கூடியவர்களுக்கு நேர்மாறு. யாரும் பொய் சொல்லவில்லை. இன்றைய மனசு நேற்றையதைத் தனக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆகவே கோபத்தில் இருக்கும்போது கேட்டால் "எல்லாம் வேஷம்" என்று பதில் வரும். தனிமையில் கேட்டால் "அப்படி ஒன்று இனி வராது" என்று வரும். இரண்டு பதிலிலும் அன்றைய காதலைப் பற்றிய சேதி கொஞ்சம்தான், இன்றைய உங்களைப் பற்றியதுதான் அதிகம்.

பலர் போடும் இன்னொரு கணக்கும் உண்டு: "நிலைக்கவில்லை, அதனால் அது உண்மை இல்லை." இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பிரியமே இல்லாமல் நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்களும் உண்டு. எட்டு மாதத்தில் முடிந்துபோன ஒன்றில் இரண்டு பேருமே முழு மனசோடு இருந்ததும் உண்டு.

சரி, அவர் என்னை நேசித்தாரா இல்லையா? அதையாவது தெரிந்துகொள்ளலாமா?

எனக்குத் தெரிந்த ஒருவர், கடைசி மாதங்களில் அந்தப் பெண் தன்னைவிட்டு விலகிப்போய்விட்டாள், அப்போதே அவளுக்கு மனசு இல்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் பழைய செல்பேசியை சார்ஜ் போட்டு அந்த உரையாடலை ஆரம்பத்திலிருந்து படித்தார். ஓரிடத்தில் அவள் எழுதியிருந்தாள்: "இன்டர்வியூ முடிஞ்சுது. நல்லா போச்சுன்னுதான் நினைக்கிறேன். முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு." இரண்டு மணி நேரம் கழித்து இவர் பதில்: "ம்." மறுநாளும் அவள் மூன்று வரி, இவர் "ம்." அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் அவள் செய்திகள் சிறுத்துப்போயிருந்தன. சிறுத்துப்போனது மட்டும் இவருக்கு நினைவிருந்தது. அதற்கு முந்தைய "ம்" நினைவில் இல்லை.

அவள் நேசித்தாள் என்பதற்கு இது ஆதாரமா? அந்த ஒருநாள், ஒரு நல்ல சேதியை முதலில் இவரிடம் சொல்லத் தோன்றியது. அதற்கு ஆதாரம் இருக்கிறது. அதற்கு மேல் அந்த வரிகளை எவ்வளவு பிழிந்தாலும் ஒன்றும் வராது. இன்னொருவர் மனசுக்குள் இருந்தது அன்றைக்கே நமக்கு முழுசாகத் தெரியாதது. இன்று அவரையே கேட்டால்கூட, அவரும் தன்னுடைய இன்றைய மனசிலிருந்துதான் பதில் சொல்வார். அவர் செய்தவை உங்களுக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்தபோது வந்தாரா, வரவில்லையா? சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா? அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மனசுக்குள் இருந்ததை ஊகிக்கப் போனால் முடிவே இல்லை.

நான் நேசித்தது அவரையா, என் கற்பனையையா?

இரண்டையும்தான். எல்லாரும் அப்படித்தான்.

விகிதம் தெரிய வேண்டுமானால் ஒன்று செய்து பாருங்கள். அவரிடம் உங்களுக்குப் பிடிக்காத நான்கைந்து விஷயங்களை யோசியுங்கள். சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வரமாட்டார், பேசிக்கொண்டிருக்கும்போதே செல்பேசியைப் பார்ப்பார், தோற்றால் விளையாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவார் என்று சின்னச் சின்னதாக இருந்தாலும் போதும். உடனே ஞாபகம் வந்தால் நீங்கள் ஒரு மனிதரோடு பழகியிருக்கிறீர்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால் இப்போது உங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு படம். அன்றைக்கே படமாகத்தான் இருந்தாரா, இல்லை பிறகு அப்படி ஆக்கிக்கொண்டோமா என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம்.

"நீ இல்லாமல் வாழ முடியாது" என்று சொன்னேன். இன்று நன்றாகவே இருக்கிறேன். அப்படியானால் நான் சொன்னது பொய்யா?

இந்தக் குற்ற உணர்ச்சியை எதிர்பார்த்ததைவிட அதிகம் பேரிடம் பார்க்கிறேன். வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

பொய் இல்லை, தப்புக் கணக்கு. 2008இல் பால் ஈஸ்ட்விக்கும் அவருடைய சகாக்களும் காதலில் இருந்த மாணவர்களிடம், பிரிவு வந்தால் எவ்வளவு கஷ்டப்படுவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள். பிறகு நிஜமாகவே பிரிந்தவர்கள் பட்ட கஷ்டத்தை அந்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டார்கள். முன்னே சொன்ன அளவுக்குக் கஷ்டம் இல்லை. அதிகமாகக் காதலித்தவர்கள்தான் அதிகமாகத் தப்பு செய்திருந்தார்கள். ஆக, அந்தக் கணிப்பு பிசகியதே காதலின் அளவால்தான். நீங்கள் தேறிவிட்டதை அதற்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவர வேண்டாம்.

இத்தனை வருஷம் கழித்தும் ஏன் ஞாபகம் வருகிறது? நான் இன்னும் அவரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தமா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மற்றக் காலத்தைவிட அதிகமாக வருகின்றன. இது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். முதல் வேலை, முதல் தனியறை, ஊர் மாறியது எல்லாம் அந்த வயதில்தான். காதலும் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. அவரைத்தான் நினைக்கிறோம் என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் அவரோடு சேர்ந்து, தூக்கமில்லாமல் ஊர் சுற்றியும் களைக்காத அந்த வயதும் வந்து நிற்கும். ஏக்கம் எதன்மேல் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. சிலருக்கு அந்த ஆள் திரும்ப வந்தால் என்ன செய்வதென்றே தெரியாது. அவர்களுக்கு வேண்டியது அன்றைய தன்னையே.

அரைகுறையாக நின்றுபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம். பாதியில் நிறுத்தப்பட்ட வேலை முடிந்த வேலையைவிட நினைவில் நன்றாக நிற்கிறது என்று 1927இல் ப்ளூமா சைகார்னிக் எழுதினார். அதற்குப் பிறகு செய்த சோதனைகளில் எல்லா இடத்திலும் அப்படி வரவில்லை, அதனால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் காரணம் சொல்லாமல் பிரிந்துபோனவரைப் பற்றித்தான் அதிகம் கேள்விகள் வருகின்றன என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மறக்க முயன்றால் இன்னும் அதிகமாக வருகிறதே?

வரும். 1987இல் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லி ஐந்து நிமிஷம் உட்கார வைத்தார். கரடி வந்துகொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினையுங்கள் என்றபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டுக் கையில் உள்ள வேலையைப் பாருங்கள்.

பிரிந்த விதம் மோசம். அதனால் முழுக்கதையுமே கசந்துவிட்டது. இது நியாயமா?

நியாயமில்லை, ஆனால் மனசு அப்படித்தான் கணக்குப் போடும். டேனியல் கானமனும் சகாக்களும் 1993இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒருமுறை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைக்க வேண்டும். இன்னொருமுறை அதே 60 விநாடி, கூடவே இன்னும் 30 விநாடி, அதற்குள் தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. முடிவுக்கு நினைவு அவ்வளவு இடம் கொடுக்கிறது.

அதனால் இரண்டு வருஷப் பழக்கத்தைக் கடைசி இரண்டு வாரச் சண்டை விழுங்கிவிடும். அந்தச் சண்டை நடக்கவே இல்லை என்று நடிக்க வேண்டாம். அதற்கு இரண்டு வாரம் அளவுக்கான இடத்தைக் கொடுங்கள், போதும். சண்டைக்கு முந்தைய ஒரு சாதாரண நாளை, பிறந்தநாளோ பயணமோ இல்லாத ஒரு வெறும் செவ்வாய்க்கிழமையை, நினைத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அன்று இருவரும் எப்படிப் பேசிக்கொண்டீர்கள்?

அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்குமோ?

தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1990களில் வருத்தங்களைப் பற்றி எழுதியதில் எனக்குப் பிடித்த விஷயம் இது: சமீபத்தியதில் செய்துவிட்டதற்காக வருந்துகிறோம், வாழ்க்கை முழுவதையும் பார்த்தால் செய்யாமல் விட்டதற்காக. செய்ததன் விளைவு கண்ணெதிரே நின்றுவிடுகிறது. செய்யாததன் விளைவை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். சொல்லாத அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு வீடு, குழந்தைகள், சேர்ந்து முதுமை என்று எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டில் ஒருநாள்கூடச் சண்டை நடக்காது, அதைக் கவனித்திருக்கிறீர்களா?

சொல்லியிருந்தால் மாறியிருக்கலாம். இன்னும் ஆறு மாதம் ஓடி, பிறகு இதே இடத்தில் முடிந்திருக்கவும் கூடும். அன்று நீங்கள் வாய்மூடி நின்றதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது. பயமோ, வீம்போ, வீட்டு நிலைமையோ, அதையும் சேர்த்து நினைவுபடுத்திக்கொண்டால் அன்றைய ஆள்மேல் இவ்வளவு கோபம் வராது.

நடந்ததை அவர் வேறு மாதிரி சொல்கிறார். யார் சொல்வது சரி?

முதலில் கையை விட்டது யார் என்பதில்கூட இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு நாட்டார் கதையைப் படித்தவர்கள் அதைத் திருப்பிச் சொல்லும்போது புரியாத இடங்களைத் தங்களுக்குப் பழகிய விதத்தில் மாற்றிவிட்டார்கள். அடுத்தவர் எழுதிய கதைக்கே அந்தக் கதி என்றால் சொந்தக் கதையைக் கேட்க வேண்டுமா? தேதி, இடம், பணம் போன்றவற்றில் யாரோ ஒருவர் சரியாக இருக்கலாம். "நீதான் மாறிவிட்டாய்" என்பதில் இருவருமே அவரவர் நின்ற இடத்திலிருந்து சரியாகவே பார்த்திருக்கக்கூடும்.

எங்கள் காதல் யாருக்கும் தெரியாது. சில சமயம் நானே கற்பனை செய்துகொண்டேனோ என்று தோன்றுகிறது.

குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டில் ஒரு பெண் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறாள். அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன் மட்டும்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். சாட்சிக்கு ஒரு குருகு, அதாவது ஒரு நீர்ப்பறவை, இருந்ததாம், தினைத்தாள் போன்ற சின்னக் கால்களோடு. அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரகசியக் காதலில் துக்கமும் ரகசியம்தான். பிரிந்த மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், முகம் வாடினால் தலைவலி என்று சொல்ல வேண்டும். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கக்கூட ஆள் இல்லை. ஊர் ஒப்புக்கொள்ளாத இந்த வகைத் துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா 1989இல் தனி நூலே கொண்டுவந்தார். துக்கத்தை யாரும் பார்க்காததால் இழப்பே இல்லாததுபோல் தோன்றிவிடுகிறது. நம்பகமான ஒரே ஒருவரிடம் ஒருமுறை முழுக்கச் சொல்லிவிடுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கொண்ட ஒரு ஆள் இருக்கிறார் என்பதே "கற்பனையோ" என்ற பயத்தைப் பெரும்பாலும் தணித்துவிடும்.

அவர் என்னை அடித்தார், மிரட்டினார். இப்போது நினைத்தால் நல்ல நாட்களும் ஞாபகம் வருகின்றன. நான்தான் பெரிதுபடுத்திவிட்டேனோ?

இல்லை. இங்கே மட்டும் என் பதிலில் சந்தேகத்துக்கு இடமே வைக்க மாட்டேன். கெட்ட நினைவோடு ஒட்டியிருக்கும் வேதனை, நல்ல நினைவோடு இருக்கும் மகிழ்ச்சியைவிட வேகமாக மங்குகிறது என்று நினைவாய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அதனால் வருஷங்கள் போனபின் நல்லது தூக்கலாகத் தெரிவது மறதியின் போக்கு. நடந்தது சின்ன விஷயம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்த நாட்களில் நீங்கள் தோழிக்கோ அண்ணனுக்கோ அனுப்பிய செய்திகள் இருந்தால் அவற்றை நம்புங்கள். நல்ல நாட்கள் இருந்தது நிஜமாக இருக்கலாம், நீங்கள் வெளியே வந்ததும் சரிதான். இந்தக் கதையில் ஏற்றுக்கொள்வது என்றால் நடந்தது நடந்தது என்று ஒப்புக்கொள்வது மட்டும்தான். அவரை மன்னித்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சந்தேகம் தீராமலே ஏற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். முதலில் தீர்ப்பு, அப்புறம்தான் அமைதி என்று வரிசை வைத்துக்கொள்வதால்தான் பலர் பத்து வருஷமாக விசாரணையிலேயே இருக்கிறார்கள். "அவர் நேசித்தாரா தெரியாது, நான் சரியாக நடந்தேனா தெரியாது, இனி அதற்காக ராத்திரி முழித்திருக்க மாட்டேன்" என்று ஒருவர் சொல்லலாம். அதில் முரண் எதுவும் இல்லை. முதல் இரண்டும் அன்றைக்குரியவை, மூன்றாவது இன்றைக்குரியது.

ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். அவர் பெயர் பேச்சில் வந்தால் பேச்சை மாற்றத் தோன்றாது. அவருக்கு நல்லது நடந்தது என்று கேட்டால் ஒரு கணம் சுருக்கென்று இருக்கும், பிறகு போய்விடும். கதையைச் சொல்லும்போது உங்கள் பங்குத் தப்பும் தானாக வந்து விழும். சில மாதம் நன்றாக இருந்து மறுபடி ஒருநாள் கனத்தால், பழைய இடத்துக்கே போய்விட்டோம் என்று பதற வேண்டாம்.

எழுதி வைத்தால் மனசு லேசாகுமா?

ஆகலாம். ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் மாணவர்களை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிஷம், தங்களைப் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு மனசு கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ உதவிக்குப் போனது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் சிறிய அளவில்தான் தெரிகிறது. புதிதாகப் பிரிந்தவர்கள், அதிலும் ஒன்றையே போட்டு உழப்புகிறவர்கள், எழுதுவதால் இன்னும் சிக்கிக்கொள்வதும் உண்டு. அதனால் அளவு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் எழுதியும் அதே பக்கத்தையே திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள் என்றால் நோட்டை மூடிவிட்டு ஆளோடு பேசுங்கள். தூக்கம், சாப்பாடு, வேலை கெட்டுப்போய் வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், அல்லது வாழவே வேண்டாம் என்று தோன்றினால், உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். காதல் பழசா புதுசா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

பழைய கடிதங்களையும் படங்களையும் என்ன செய்வது?

எரிக்கவும் வேண்டாம், தலைமாட்டிலும் வேண்டாம். எடுப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டிய இடத்தில் வையுங்கள். அந்தரங்கமான படங்கள் மட்டும் விதிவிலக்கு, அவற்றை அழித்துவிடுங்கள். அவர் அன்று தந்த சம்மதம் அன்றைக்கு மட்டும்தான்.

இப்போதைய துணையிடம் சொல்ல வேண்டுமா?

இருந்தது என்பதைச் சொல்லலாம். ஒப்பீடு கூடாது. விவரம் எவ்வளவு என்பதைக் கேட்பவர் தீர்மானிக்கட்டும்.

அவரைத் தொடர்புகொண்டு மன்னிப்புக் கேட்கலாமா?

அனுப்புவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: பதிலே வராவிட்டால் தாங்குவீர்களா? தாங்குவேன் என்றால் நீங்கள் கேட்க நினைப்பது மன்னிப்பு. இல்லையென்றால் உங்களுக்கு வேண்டியது பேச்சு, மன்னிப்பு அதற்குச் சாக்கு. அவர் ஏற்கெனவே தொடர்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

கேட்பதானால் சுருக்கமாக இருக்கட்டும். "அன்று உன் வீட்டார் முன்னால் உன்னை விட்டுக்கொடுத்தது என் தப்பு. பதில் எழுத வேண்டியதில்லை" என்பது போல நடந்ததைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "ஏதாவது தப்பாக நடந்திருந்தால்" என்று ஆரம்பிக்கும் மன்னிப்பை அனுப்பாமலே இருக்கலாம். ராத்திரியில் எழுதியதை மறுநாள் மத்தியானம் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

திடீரென்று எதிரே பார்த்துவிட்டால்?

பலர் வருஷக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருக்கும் காட்சி இது. நிஜத்தில் அவர் யாரோடாவது அவசரமாகப் போய்க்கொண்டிருப்பார். நலம் விசாரியுங்கள், உங்கள் நலத்தைச் சொல்லுங்கள். பழசைப் பேச அவராக எடுத்தால் தவிர, நீங்கள் எடுக்க வேண்டாம். கூட வந்தவருக்கு உங்களை யார் என்று அறிமுகப்படுத்துவது என்று அவர் தடுமாறினால், "பழைய நண்பர்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.